மருந்துச் சீட்டு எழுதிய மரபணு

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் ஒரு ஹைதராபாத் இருக்கிறது. 2016 நவம்பர் கடைசியில் அந்த ஊர்க் குழந்தைகளுக்குக் கண்ட டைபாய்டு, செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கு அசைந்து கொடுக்கவில்லை. மாத்திரைகளுக்கு மசியாத டைபாய்டுக்கு மருத்துவர்கள் நம்பிப் போடுகிற ஊசி அது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்த ஊசி தோற்ற செய்திகள் முன்பே உண்டு. ஓர் ஊர் முழுக்கப் பரவிய கிருமியிடம் அது தோற்றது அப்போதுதான். 2017 முடிவதற்குள் ஹைதராபாத்தில் மட்டும் 486 பேரிடம் அந்த வகைக் கிருமி உறுதியானது. 2018 முடிந்தபோது சிந்து மாகாணத்தின் எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியிருந்தது.

மொகஞ்சதாரோவும் இதே சிந்துவில்தான் இருக்கிறது. அகழாய்வுக் குழியின் பக்கச் சுவரைப் பார்த்தே, எந்த அடுக்கில் எந்தக் காலத்து மக்கள் வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியையும் ஏறக்குறைய அப்படியே படிக்க முடிந்தது. அடியில், குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல் என்ற மூன்று பழைய மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள். அதற்கு மேலே, 1990-களின் மாத்திரையான சிப்ரோபிளாக்சசினைத் தட்டிக்கழிக்கும் ஓர் எழுத்து மாற்றம். எல்லாவற்றுக்கும் மேலே, செஃப்ட்ரியாக்சோனைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு, புதிதாக வந்து சேர்ந்த, பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில். எழுபது ஆண்டுகளாக நாம் எந்த மருந்தை எந்த வரிசையில் விழுங்கினோம் என்பது ஒரே ஒரு செல்லுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

ஆன்டிபயாடிக் மருந்துகள் கிருமிகளின் பரிணாமத்தை எப்படித் திருப்புகின்றன என்று விளக்க எத்தனையோ கிருமிகள் உண்டு. நான் டைபாய்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது மனிதனை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத கிருமி என்பது. டைபாய்டை உண்டாக்கும் சால்மொனெல்லா டைஃபி கோழியிடம் வாழ்வதில்லை, மாட்டிடமும் வாழ்வதில்லை. மனிதக் குடலிலிருந்து கழிவுநீருக்கும் குடிநீருக்கும் போய் மறுபடியும் மனிதனிடமே வரும். சிலரின் பித்தப்பையில் எந்தத் தொந்தரவும் தராமல் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். ஆகவே இந்தக் கிருமி சந்தித்த மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிக் கொடுத்தவை. கோழிப் பண்ணையைக் கைகாட்டித் தப்பிக்க வழியில்லை.

யாழ்ப்பாணத்தில் இதை நெருப்புக் காய்ச்சல் என்பார்கள். மருந்தில்லாத காலத்தில் அந்த நெருப்பு மூன்று, நான்கு வாரம் எரியும். மூன்றாவது வாரத்தில் குடலில் துளை விழுந்தால் பிழைப்பது அரிது. பத்துப் பேரில் ஒருவராவது இறந்துபோவது சாதாரணம். 1947-ல் வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து குளோராம்பெனிகால் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டு தியோடர் வுட்வர்ட், ஜோசப் ஸ்மேடல் உள்ளிட்ட அமெரிக்க மருத்துவர்கள் அதை மலாயாவுக்கு எடுத்துச் சென்றார்கள். அவர்கள் தேடிப் போனது டைபாய்டை அல்ல, உண்ணிக் காய்ச்சலை. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகள் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. அவர்களும் சில நாட்களில் தேறி எழுந்தார்கள். தவறிப்போன ஒரு கணிப்பிலிருந்து கிடைத்த இந்த வெற்றி இருபத்து நான்கு ஆண்டுகள் அசையாமல் நின்றது. டைபாய்டு என்றாலே குளோராம்பெனிகால் என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து வளர்ந்தார்கள்.

1972-ல் அது அசைந்தது. மெக்சிகோவில் பத்தாயிரம் பேருக்கு மேல் பாதித்த கொள்ளைநோயில் குளோராம்பெனிகால் வேலை செய்யவில்லை. அதே ஆண்டு நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டிலும் வேலை செய்யவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ‘மருந்து பழகிப்போய்விட்டது’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. கசப்பு நாக்குக்குப் பழகுவதுபோல, கிருமி மருந்தைத் தின்று தின்று தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சிலர் ஒரு படி மேலே போய், உடம்புக்கே மருந்து பழகிவிட்டது என்பார்கள். இரண்டும் தவறு. 1943-ல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரே வகைப் பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, பிறகு பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை அவற்றின் மேல் விட்டார்கள். தாக்குதலைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது என்றால், எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பிழைத்தவை இருக்க வேண்டும். அப்படி இல்லை. பல குழாய்களில் ஒன்றுமில்லை அல்லது ஓரிரண்டு, சிலவற்றில் நூற்றுக்கணக்கில். தாக்குதலுக்கு முன்பே, தற்செயலாக, ஏதோ ஒரு செல்லில் மாற்றம் நேர்ந்திருந்தால்தான் இப்படி வரும். மாற்றம் சீக்கிரமே நேர்ந்த குழாயில் சந்ததி பெருகியிருந்தது, தாமதமாக நேர்ந்ததில் குறைவாக இருந்தது.

மருந்தும் அந்த வைரஸ் போலத்தான். அது யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. களையெடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பயிரையும் களையையும் மாற்றிப் பிடுங்குகிற களையெடுப்பு. தன்னால் கொல்ல முடிந்தவற்றையெல்லாம் கொன்று, முடியாதவற்றுக்கு இடத்தைக் காலிசெய்து கொடுக்கிறது.

மெக்சிகோவிலும் கோழிக்கோட்டிலும் நடந்ததில் இன்னொரு விஷயமும் சேர்ந்திருந்தது. அந்த எதிர்ப்பு டைபாய்டு கிருமிக்குள் பிறந்ததல்ல, வெளியிலிருந்து வந்தது. பாக்டீரியாக்களிடம் தலைமை மரபணுத் தொகுதிக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்கள் இருக்கும். ஒரு செல் இன்னொரு செல்லோடு ஒட்டி, அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1950-களிலேயே ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒரே மூட்டையாகக் கைமாற்றிக்கொண்டதைப் பார்த்திருந்தார்கள். 1980-களின் கடைசியில் டைபாய்டிலும் அப்படியே ஆனது. குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல் மூன்றுக்குமான எதிர்ப்பு ஒரே பெரிய பிளாஸ்மிட்டில் ஏறி, தெற்காசியா முழுவதும் பயணப்பட்டது. மூட்டையாக வருவதில் ஒரு சங்கடம் உண்டு. மூன்றில் எந்த ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலும், மற்ற இரண்டுக்குமான எதிர்ப்பையும் சேர்த்தே வளர்க்கிறோம்.

அந்த மூட்டையைச் சுமந்த கிருமி வம்சத்துக்கு ஆய்வாளர்கள் எச்58 என்று பெயரிட்டார்கள். 2015-ல் 63 நாடுகளிலிருந்து திரட்டிய 1,832 டைபாய்டு கிருமிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, ஏறக்குறைய பாதி இந்த ஒரே வம்சமாக இருந்தது. தெற்காசியாவில் கிளம்பி, தென்கிழக்கு ஆசியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போய், அங்கங்கே இருந்த பழைய வம்சங்களை ஓரங்கட்டியிருந்தது.

மூன்று மருந்தும் கைவிட்டதும் சிப்ரோபிளாக்சசின் வந்தது. எங்கள் தலைமுறை அதைச் ‘சிப்ரோ’ என்று செல்லமாக அழைக்கும் அளவுக்கு வீட்டு மருந்தானது. பாக்டீரியா பெருகும்போது அதன் டி.என்.ஏ. இழை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அவிழ்க்க கைரேஸ் என்ற நொதி உண்டு. சிப்ரோ அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். நொதியின் 83-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தால் மருந்தின் பிடி நழுவும். அதற்கு மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும். இன்னும் இரண்டு இடங்களில் இதுபோல மாறினால் மருந்து முற்றிலும் பயனற்றுப் போகிறது.

இந்த இடத்தில்தான் டைபாய்டு கிருமியின் கதை என்னை அசத்துகிறது. பாக்டீரியாக்களில் இது மிக நிதானமானது. சுமார் 48 லட்சம் எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொகுதியில், ஒரு வம்சவழியில் ஓர் ஆண்டுக்கு நிலைத்து நிற்கும் மாற்றம் ஓர் எழுத்துகூட இல்லை. அப்படிப்பட்ட சோம்பேறிக் கிருமியில், சிப்ரோ வகை மருந்துகளுக்கு எதிரான மாற்றங்கள் 1990-க்குப் பிறகு குறைந்தது 94 முறை தனித்தனியாகத் தோன்றிப் பரவியிருக்கின்றன என்று, 7,500-க்கும் மேற்பட்ட கிருமிகளை ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் 97 சதவீதம் தெற்காசியாவில் தோன்றியவை. 48 லட்சம் எழுத்துகள் உள்ள புத்தகத்தில் அதே ஓரிரு இடங்களில் மட்டும் 94 முறை திருத்தம் விழுந்திருந்தால், எழுத்துப் பிழை தற்செயல்தான், ஆனால் எந்தப் பிழை அச்சேற வேண்டும் என்று தேர்ந்தெடுத்த கை தற்செயலானதல்ல. 2010 வாக்கில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றிலும் டைபாய்டு கிருமிகளில் 95 சதவீதத்துக்கு மேல் இந்த மாற்றத்தைக் கொண்டிருந்தன. காட்மாண்டுவில் இதே குடும்பத்தின் புதிய மருந்தான கேட்டிஃபிளாக்சசினைச் செஃப்ட்ரியாக்சோனோடு ஒப்பிட நடந்த மருத்துவச் சோதனையை, புதிய கிருமி வந்து மருந்து தோற்றதால் 2014-ல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்படியானால் மருந்தை நிறுத்திவிட்டால் கிருமி பழைய நிலைக்குத் திரும்பிவிடாதா? திரும்பும், சில நேரம். குளோராம்பெனிகாலில் அப்படித்தான் நடந்தது. பெரிய பிளாஸ்மிட்டைச் சுமப்பதற்குச் செலவுண்டு. மழை இல்லாத ஊரில் குடையோடு அலைபவனைப் போல, மருந்தில்லாத இடத்தில் அதைச் சுமக்கும் கிருமி மற்றவற்றிடம் பின்தங்கும். சிப்ரோ வந்ததும் பழைய மருந்துகளை எழுதுவது குறைந்தது. அதைத் தொடர்ந்து 2000-க்குப் பிறகு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் அந்த மும்மருந்து எதிர்ப்பு படிப்படியாகச் சரிந்தது. இன்று நம் டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் குளோராம்பெனிகால் மறுபடியும் கொல்லும். ஆனால் அந்த மருந்து அரிதாக எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்யும் என்பதால், மருத்துவர்கள் அதன் பக்கம் திரும்பத் தயங்குகிறார்கள்.

சிப்ரோவில் கதை வேறு. கைரேஸில் மாற்றம் கொண்ட டைபாய்டு கிருமிகளையும் மாறாதவற்றையும் மருந்தே இல்லாமல் ஒன்றாகப் போட்டியிட விட்டுப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த முடிவின்படி, மாறியவற்றில் பல பின்தங்கவில்லை, சில முந்திக்கொண்டன. அதாவது நாம் இன்றே சிப்ரோவை அடியோடு நிறுத்தினாலும் அவற்றுக்குத் திரும்பிப் போக எந்த அவசியமும் இல்லை. சிந்துவின் கிருமி இன்னொரு வழியைக் காட்டியது. மும்மருந்து எதிர்ப்பு மரபணுக்களை அது பிளாஸ்மிட்டிலிருந்து இறக்கி, தலைமை மரபணுத் தொகுதிக்குள்ளேயே பதித்து வைத்திருந்தது. குடை இனிச் சுமையில்லை, கூரையாகிவிட்டது. பிளாஸ்மிட்டுக்கான இடமும் காலியானது. அந்த இடத்துக்குத்தான் புதிய விருந்தாளி வந்தது.

விருந்தாளியின் ஊர் எது? செஃப்ட்ரியாக்சோனைச் சிதைக்கும் மரபணுவைக் கொண்ட அந்தப் பிளாஸ்மிட், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாக்களிடம் காணப்படுவதைப் பெரிதும் ஒத்திருந்தது. இதன் பொருளைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டைபாய்டு நோயாளியின் ஒரு மில்லி இரத்தத்தில் சராசரியாக ஒரே ஒரு கிருமிதான் இருக்கும். அவ்வளவு சிறிய கூட்டத்தில் அதிர்ஷ்டம் அடிப்பது கடினம். நம் எல்லோருடைய குடலிலும் இருக்கும் ஈ.கோலையோ கோடிக்கணக்கில். நாம் எந்தக் காய்ச்சலுக்கு எந்த ஆன்டிபயாடிக் எடுத்தாலும், அது முதலில் வடிகட்டுவது இந்த அப்பாவிக் கூட்டத்தைத்தான். நோய்க்கிருமி பின்னால் ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது, எதிர்ப்பு மரபணு அங்கே தயாராக இருக்கிறது. டைபாய்டின் பரிணாமத்தில் பெரிய திருப்பங்கள் டைபாய்டு நோயாளிகள் விழுங்கிய மருந்தால் மட்டும் வந்தவையல்ல. டைபாய்டே இல்லாதவர்கள் விழுங்கிய மருந்துகளாலும் வந்தவை.

டைபாய்டே இல்லாமல் டைபாய்டு மருந்து எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று நம் ஊர் ஆய்வுக்கூடங்களைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். மூன்று நாள் காய்ச்சல் என்றால் வைடால் பரிசோதனை எழுதப்படும். 1896-ல் பெர்னான் வைடால் உருவாக்கிய இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய பொருளைத் தேடுகிறது. எப்போதோ வந்துபோன தொற்று, வேறு வகைக் காய்ச்சல்கள் எதுவும் அதைப் ‘பாசிட்டிவ்’ ஆக்கலாம். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை நம்பகமானது, ஆனால் நாட்கள் பிடிக்கும், செலவும் அதிகம், உண்மையான டைபாய்டிலும் ஐந்தில் இரண்டைத் தவறவிடலாம். காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தாயிடம் நான்கு நாள் பொறுங்கள் என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் நா எழாது. அவரைக் குறை சொல்ல எனக்கும் நா எழவில்லை. 2019-ல் இந்தியாவின் தனியார் மருந்துச் சந்தையில் விற்ற ஆன்டிபயாடிக் வகைகளில் முதலிடம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைக்கு, அடுத்த இடம் செஃபிக்சைம் 200-க்கு. இரண்டுமே டைபாய்டுக்கு இன்று எழுதப்படும் மாத்திரைகள். இருமலுக்கும் சளிக்கும் தொண்டை வலிக்கும் போவதில்தான் அவை அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன.

‘கோர்ஸை முழுமையாக முடியுங்கள்’ என்ற அறிவுரை இந்தப் படத்தில் ஒரு மூலை மட்டும். உண்மையான டைபாய்டில் அது மிகச் சரி. பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பி வரும். ஆனால் வைரஸ் காய்ச்சலுக்கு ஐந்து நாள் அசித்ரோமைசினை ஒழுங்காக முடிப்பதால் நன்மை எதுவும் விளைவதில்லை. குடலில் ஐந்து நாள் களையெடுப்பு நடந்து முடிகிறது, அவ்வளவுதான். பொதுச் சுவரொட்டிகள் நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றியே பேசுவது எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல். அந்த மாத்திரை தேவைதானா என்ற கேள்வி அதில் வசதியாக மறைந்துபோகிறது.

சிந்துவின் கிருமிக்கு எதிராக மாத்திரையாக மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அது போனால் மெரோபெனம் போன்ற, மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய விலையுயர்ந்த மருந்துகள்தான். அசித்ரோமைசினை எதிர்க்கும் டைபாய்டு கிருமிகளை டாக்கா ஆய்வாளர்கள் 2019-ல் விவரித்தார்கள். மருந்தைச் செல்லுக்கு வெளியே இறைத்துத் தள்ளும் பம்ப் ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். யாரிடமும் இரவல் வாங்கியதல்ல, சொந்தத் தயாரிப்பு. இந்த மாற்றமும் ஒரே இடத்தில் தோன்றிப் பரவியதல்ல, குறைந்தது ஏழு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இதற்கிடையே செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத கிருமி மும்பையிலும் தென்பட்டது. அது சிந்துவிலிருந்து வந்ததல்ல. வேறொரு பிளாஸ்மிட்டில் வேறொரு மரபணுவை ஏற்றிக்கொண்டு, தன் போக்கில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

இந்த ஓட்டத்தில் மருந்தால் கிருமியை முந்த முடியாது என்று 2019-ல் பாகிஸ்தான் முடிவெடுத்தது. புதிய டைபாய்டு தடுப்பூசியைக் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடு அதுதான். சிந்துவின் ஹைதராபாத் குழந்தைகளுக்குப் போட்ட அந்தத் தடுப்பூசி தயாரானது நம் ஹைதராபாத்தில், பாரத் பயோடெக் நிறுவனத்தில். இரண்டு நாடுகளுக்கும் இடையே வேறெதுவும் இவ்வளவு சுமுகமாக எல்லை கடந்ததாக எனக்கு நினைவில்லை, டைபாய்டு கிருமியைத் தவிர. நேபாளத்தில் நடந்த சோதனையில் இந்தத் தடுப்பூசி முதலாண்டில் சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு அளித்தது.

பரிணாமக் கண்ணோடு பார்த்தால் தடுப்பூசி மருந்திலிருந்து அடிப்படையில் வேறுபடுகிறது. மருந்துக்கு அடங்கும் கிருமி, அடங்காத கிருமி என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே வாசலில் மறிக்கிறது. அதோடு, வராத காய்ச்சலுக்கு யாரும் மாத்திரை வாங்குவதில்லை என்பதால், குடலில் நடக்கும் களையெடுப்பும் குறைகிறது. தடுப்பூசியும் ஒரு வடிகட்டிதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது குறிவைப்பது கிருமியைப் போர்த்தியிருக்கும் ‘வி’ என்ற சர்க்கரை உறையை. அந்த உறையில்லாத டைபாய்டு கிருமிகளும் உலகில் உண்டு, பாகிஸ்தானிலேயே முன்பு கண்டெடுத்திருக்கிறார்கள். இதுவரை அவை அரிது.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் டைபாய்டை விரட்டியதில் பெரும்பகுதி குளோராம்பெனிகால் பிறப்பதற்கு முன்பே, வடிகட்டிக் குளோரின் கலந்த குழாய்நீரால் முடிந்துவிட்டது. இங்கே அந்த வேலையை மாத்திரைகளிடம் ஒப்படைத்துவிட்டோம். 2017 முதல் 2020 வரை வேலூர், டெல்லி, கொல்கத்தா, புனே ஆகிய இடங்களில் குழந்தைகளை வாரந்தோறும் கவனித்து நடத்திய ஆய்வில், நகரப் பகுதிகளில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் 500-க்கும் மேற்பட்டோருக்கு டைபாய்டு வந்தது. புனே அருகே கிராமப்புறத்தில் அந்த எண் 35. சிந்துவின் ஹைதராபாத்தில் நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதையே கண்டார்கள். லத்தீஃபாபாத், காசிமாபாத் என்ற இரண்டு பகுதிகளில், கழிவுநீர்க் குழாய் போகிற வழியை ஒட்டி அந்தப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக விழுந்திருந்தன.